சுவரின் மேலாடை



வரலாறு என்றதும் உங்கள் நினைவிற்கு வருவன முடிமன்னர்களும் போர்க்களங்களும் ஆண்டுக் கணக்குகளுமே. அவற்றை நான் குறை கூறமாட்டேன். பல்லாண்டுகள் வகுப்பறையில் அவற்றையே கற்பித்தவன் நான். ஆயினும், மன்னன் கட்டிய மாளிகைக்கும் குடியானவன் கட்டிய வீட்டுக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அதன் கனம் கட்டைவிரல் அகலத்தைத் தாண்டாது. மழையை முதலில் ஏற்பது அது. வெயிலை முதலில் தாங்குவது அது. சுவரின் வெளிப்பூச்சைத்தான் சொல்கிறேன். அதன் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். இன்று கட்டடம் எழுப்புவோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வெளிச்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சுக்கு மாற்றாக வேறு எதைப் பூசலாம் என்பதே அது. ஆற்று மணல் அரிதாகிவிட்டது. உலகில் மனிதர் செயலால் வெளிவரும் கரியமில வாயுவில் 100க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. தேர்ந்த கொத்தனார் கிடைப்பதும் எளிதாக இல்லை. ஆகவே மாற்றுப் பொருள்கள் பல கடைக்கு வந்துள்ளன. ஒவ்வொன்றும் தானே சிறந்தது என்கிறது. இவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

நான் பொறியாளன் அல்லேன். ஆனால் இது புதிதாகத் தோன்றிய கேள்வியும் அன்று. கடந்த 250 ஆண்டுகளில் பல முறை இதே கேள்வி எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை எழுத்திலும் சுவரிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளைப் படித்து நான் அறிந்த பாடம் இது: ஒரு பழைய பொருள் இருவகை வேலை செய்கிறது. எல்லாரும் அறிந்து, பட்டியலில் எழுதிவைக்கும் வேலை ஒரு வகை. எவரும் கேளாமலே அது செய்துவரும் வேலை மற்றொரு வகை. மாற்றுப் பொருளைத் தேடுவோர் முதல் வகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். துன்பமோ இரண்டாம் வகையிலிருந்து வருகிறது.

முதலில் பழைய பொருளை அறிந்துகொள்வோம். அது சுண்ணாம்பு. நம் முன்னோர் அதனைச் சுதை என்றனர். சங்க நூலாகிய நெடுநல்வாடையில் அரண்மனைக்குச் சுதை பூசிய செய்தி வருகிறது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கிவிடும். எஞ்சிய கட்டியில் நீர் விட்டால் அது கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு அது மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. கல்லாக இருந்தது நீறாகிப் பின்னர்க் கல்லாகும் இந்த மாற்றம் முற்றுப்பெற மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். நீற்றி மூன்றாண்டு ஆகாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று உரோமர்களிடையே பழைய விதி ஒன்று இருந்ததாகக் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதியிருக்கிறார். அவசரத்தை அந்நாளிலேயே சட்டத்தால் தடுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இக்கலையில் சென்னைக்குச் சிறப்பான இடம் உண்டு. சுண்ணாம்பு என்னும் நம் சொல் ‘சுணம்’ என்று ஆங்கிலத்திலும் ஏறியது. செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் சிறந்த சாந்து செய்யும் முறையை விளக்கி எழுதிய கட்டுரை, 1732-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பதினைந்து மரக்கால் என்றாற்போல மணலும் சுண்ணாம்பும் சரிபங்காக எடுத்து, வெல்லம் கரைத்த நீரைத் தெளித்து அடித்து, பயறு வேகவைத்த கஞ்சியையும் கடுக்காய் ஊறிய சாற்றையும் சேர்க்கும் முறை அதில் கூறப்படுகிறது. மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் தயிரும் நெய்யும் சேர்ந்தன. இப்படிச் செய்து தேய்த்து மெருகிட்ட சுவர் பளிங்குபோல் மின்னியதைக் கண்டு வெளிநாட்டார் வியந்தனர்.

அவர்கள் கண்டு எழுதியது மினுமினுப்பை. எழுதாமல் விட்டது வேறொன்று. சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. மழைநீர் சிறிது உள்ளே போகும்; வெயில் வந்ததும் ஆவியாய் அதே வழியில் வெளியேறிவிடும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதமும் அவ்வாறே உலரும். சுவர் சிறிது அசைந்தால் பூச்சும் ஓரளவு அசைந்து கொடுக்கும். மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தால், நீரில் கரையும் சுண்ணாம்பு அவ்வெடிப்பில் மீண்டும் படிந்து அதனை அடைப்பதும் உண்டு. இவை யாவும் எவர் கணக்கிலும் ஏறாத வேலைகள்.

சுண்ணாம்புக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. அது மெதுவாக இறுகும். நிறைய ஆட்களையும் நாள்களையும் கேட்கும். ஆண்டுதோறும் வெள்ளை அடிக்கச் சொல்லும். தொடர்ந்து நனையும் இடத்தில் வலுவிழக்கும். ஆகையால் விரைவாக இறுகுவதும் நீருக்கு அஞ்சாததுமான ஒரு மாற்றைத் தேடியவர்களை நாம் குறை சொல்வதற்கில்லை. அந்தத் தேட்டம் பெருமளவில் நடந்த நகரம் இலண்டன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் செங்கல் வீடுகள் பெருகின. செல்வர்களோ தங்கள் வீடு கல்லால் கட்டியதுபோல் தோன்ற வேண்டும் என்று விரும்பினர். செங்கல்லின்மேல் பூசிக் கல்லைப்போல் காட்டும் பூச்சுக்குத் தேவை எழுந்தது. 1773-ஆம் ஆண்டில் ஜான் லியார்டே என்னும் சுவிட்சர்லாந்துப் பாதிரியார், எண்ணெய் கலந்த ஒரு பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்த கட்டடக் கலைஞர்களாகிய ஆடம் உடன்பிறந்தார் அவ்வுரிமையை விலைக்கு வாங்கினர். 1776-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி அவ்வுரிமையை 18 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. ஜான்சன் என்ற மற்றொரு கட்டடக் கலைஞர் அதுபோன்ற பூச்சைச் செய்தபோது வழக்குத் தொடுத்தனர். 1778-இல் வழக்கை விசாரித்தவர் புகழ்பெற்ற நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு. தீர்ப்பு உரிமையாளர் பக்கமே ஆயிற்று. காப்புரிமை பெறுபவர் தம் செய்முறையைப் பிறர் கற்றுச் செய்யும் அளவுக்குத் தெளிவாக எழுதித் தர வேண்டும் என்னும் கொள்கைக்காக அவ்வழக்கை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கின்றனர்.

நீதிமன்றத்தில் வென்ற அந்தப் பூச்சு மழையிலும் உறைபனியிலும் வென்றதா? இல்லை. எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். இறுகியபின் மேலும் மேலும் உலர்ந்து நொறுங்கும் தன்மை அடையும். பூச்சு வெடித்தது; பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. இதில் ஒரு வியப்பைக் கேளுங்கள். இலண்டனுக்கு வடக்கே கென்வுட் என்னும் மாளிகையை 1764 முதல் 1779 வரை இராபர்ட் ஆடம் புதுப்பித்துக் கட்டினார். அதன் தெற்கு முகப்பில் இந்தப் பூச்சினால் அழகிய வேலைப்பாடுகளைச் செய்தார். அவை நிலைக்கவில்லை, சிதைந்து, பின்னர் அகற்றப்பட்டன. அம்மாளிகைக்கு உரியவர் யார் தெரியுமா? வழக்கை விசாரித்த அதே மான்ஸ்பீல்டு பிரபுதான். பூச்சின் உரிமை யாருக்கு என்பதை அவரது நீதிமன்றம் ஆராய்ந்தது. பூச்சின் உறுதியை அவர் வீட்டுச் சுவரில் காலம் ஆராய்ந்தது.

ஆடம் உடன்பிறந்தாருக்குக் கலையறிவில் குறைவில்லை, செல்வாக்கிலும் குறைவில்லை. காலத்தின் முன் வைத்துச் சோதிக்கும் பொறுமைதான் குறைந்தது. அப்பொறுமைக்கு எடுத்துக்காட்டாக விளங்கிய ஒருவர் அவர்கள் காலத்திலேயே அந்நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் ஸ்மீட்டன். இங்கிலாந்தின் தென்மேற்கே கடல் நடுவில் எடிஸ்டன் என்ற பாறை உண்டு. அதன்மேல் இருந்த கலங்கரை விளக்கம் 1755-இல் எரிந்துபோயிற்று. புதிதாகக் கட்டும் பொறுப்பு ஸ்மீட்டனுக்கு வந்தது. நாளும் அலை மோதும் இடத்தில் எந்தச் சாந்து நிற்கும் என்று அவர் ஆராய்ந்தார்.

கல் எவ்வளவு கடினமோ அதைச் சுட்ட சுண்ணாம்பும் அவ்வளவு உறுதி என்று அந்நாளில் எல்லாரும் நம்பினர். ஸ்மீட்டன் நம்பியதோடு நிற்கவில்லை. பல ஊர்ச் சுண்ணாம்புகளைத் தருவித்தார். ஒவ்வொன்றையும் சிறு உருண்டையாக உருட்டி நீரில் இட்டு, எது கரைகிறது, எது இறுகுகிறது என்று பார்த்தார். கற்களை அமிலத்தில் கரைத்து அடியில் எஞ்சுவதை நோக்கினார். களிமண் கலந்த சுண்ணாம்புக் கற்களே நீரில் இறுகும் சாந்தைத் தருகின்றன என்று கண்டறிந்தார். கல்லின் கடினத்திற்கும் சாந்தின் உறுதிக்கும் தொடர்பில்லை என்பது தெளிவாயிற்று. வேல்ஸ் நாட்டு ஆபர்தா சுண்ணாம்பையும் இத்தாலி நாட்டு எரிமலை மண்ணையும் சரிபங்காகக் கலந்து 1759-இல் விளக்கத்தைக் கட்டி முடித்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது அலைகளை எதிர்த்து நின்றது. 1882-இல் வேறு விளக்கம் அமைத்தது கட்டடம் கெட்டதால் அன்று. அடியிலிருந்த பாறையைக் கடல் அரித்ததால்தான்.

ஸ்மீட்டன் கண்ட உண்மை புதிய பொருள்களுக்கு வழி திறந்தது. களிமண் கலந்த கற்கட்டிகளைச் சுட்டுப் பொடித்து 1796-இல் ஜேம்ஸ் பார்க்கர் ஒரு சிமெண்டுக்கு உரிமை பெற்றார். கால் மணி நேரத்திலேயே இறுகும் அப்பழுப்பு நிறப் பொருள் பின்னர் உரோமச் சிமெண்டு என்று பெயர் பெற்று, இலண்டன் வீடுகளின் முகப்புகளை மூடியது. 1824-இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாராகிய ஜோசப் ஆஸ்ப்டின், சுண்ணாம்பையும் களிமண்ணையும் தாமே கலந்து சுட்டு, அதற்குப் போர்ட்லண்டு சிமெண்டு என்று பெயரிட்டார். போர்ட்லண்டு என்பது இலண்டன் மாளிகைகளுக்கு உகந்த வெண்கல் கிடைக்கும் இடம். அவர் உரிமப் பத்திரத்தில் இப்பொருளுக்குச் சொல்லிய பயன்களில் முதலாவது எது? கட்டடங்களுக்குப் பூசுதல் என்பதே.

மாணவர்களே, இதை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். இன்று எதற்கு மாற்றுத் தேடுகிறோமோ, அந்தச் சிமெண்டுப் பூச்சே தொடக்கத்தில் ஒரு மாற்றுப் பொருள்தான். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பதிலாக வந்தது அது. ஆகவே எந்தப் பொருளையும் புதிது என்பதால் வெறுக்கவும் வேண்டா; பழையது என்பதால் வணங்கவும் வேண்டா.

பின்னர் வந்தவர்கள் ஆஸ்ப்டினின் முறையைத் திருத்தி, 1450 டிகிரி அளவு வெப்பத்தில் சுட்டு, இன்றைய உறுதியான சிமெண்டை உருவாக்கினர். நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டிலேயே சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்டு செய்ய ஒரு நிறுவனம் முயன்றது, அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் குசராத்துப் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் வெற்றி கண்டது. அதன்பின் சிமெண்டு ஊர்தோறும் பரவியது. சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன. சிமெண்டின் நன்மைகளை மறுப்பார் இல்லை. ஒரே நாளில் இறுகுகிறது, மழையைத் தடுக்கிறது, எங்கும் ஒரே தரத்தில் மூட்டையாய்க் கிடைக்கிறது, புதிய செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் அதே பூச்சைப் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் பூசியபோது என்ன நேர்ந்தது? ஓதம் அடியிலிருந்து ஏறுகிறது. முன்போல் வெளியேற வழியில்லை. மேலும் மேலும் ஏறுகிறது. நீரோடு வந்த உப்பு பூச்சின் பின்புறம் உறைந்து படிகமாகிச் சுவரைத் தள்ளுகிறது. சில ஆண்டுகளில் பூச்சைத் தட்டினால் பொக்கென்று ஒலிக்கும்; பிறகு பாளம் பாளமாய் விழும்; விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு கேளாமல் செய்த வேலை எது என்பது அது போனபின்தான் தெரிந்தது. சேப்பாக்கத்துக் கலச மகால் 2012 சனவரியில் தீக்கு இரையானபின், அதனைப் புதுப்பித்த பொதுப்பணித்துறை சுண்ணாம்புச் சாந்தையே மீண்டும் கையாண்டது. அது பழமைப் பற்றினால் மட்டும் எழுந்த முடிவன்று. அச்சுவரின் இயல்பு கேட்ட மருந்து அதுவே.

இனி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் செருமனியில் ஒரு புதிய வெளிப்பூச்சு தோன்றியது. சுவரின்மேல் நுரைப்பலகையை ஒட்டி, அதன்மேல் கண்ணாடியிழை வலை பதித்து, பிசினும் மணலும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசுவார்கள். குளிரைத் தடுக்கும்; எடை குறைவு; விரும்பிய நிறம் வரும். 1969-இல் அது அமெரிக்காவிற்குச் சென்றது. செருமனியில் அதன் பின்னே நின்றவை செங்கல், கான்கிரீட்டுச் சுவர்கள். அமெரிக்க வீடுகளிலோ பின்னே நின்றது மரச்சட்டமும் மரப்பலகையும். வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரில், 1995-ஆம் ஆண்டு வாக்கில், கட்டிச் சில ஆண்டுகளே ஆன வீடுகளைச் சோதித்தபோது, வெளியே அழகு குன்றாத பூச்சின் உள்ளே மரம் நனைந்து மக்கியிருந்தது.

பூச்சு நீரை உள்ளே விடவில்லை. அது சொன்ன சொல் தவறவில்லை. நீர் புகுந்தது சன்னல் ஓரங்களிலும் கூரை சுவரைத் தொடும் இடங்களிலும். புகுந்த நீர் வெளியேறத்தான் வழியில்லை. எத்தனையோ குடும்பங்கள் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிய வீட்டை மீண்டும் பிரித்துக் கட்ட நேர்ந்தது; வழக்குகள் பெருகின. அதன்பின் அம்மாநிலக் கட்டட விதிகள், பூச்சின் பின்புறம் நீர் வடிந்தோட வழி வேண்டும் என்று கூறின. ‘நீரைத் தடுக்கிறதா?’ என்ற கேள்வியோடு ‘புகுந்த நீரை வெளியே விடுகிறதா?’ என்ற கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதை அவ்வூர் பெரும்பொருள் இழந்து கற்றது.

இலண்டன் கற்ற பாடமோ பொருளால் மட்டும் அளக்க முடியாதது. அங்கே கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் குடியிருப்பு 1974-இல் கட்டி முடிக்கப்பட்டது. கான்கிரீட்டு முகம் கொண்ட அக்கட்டடத்திற்கு, 2016-இல் முடிந்த புதுப்பிப்பில், புதிய வெளிப்போர்வை அணிவித்தார்கள். இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் வைத்த பலகைகள் அவை. அவற்றின் பின்னே எரியக்கூடிய நுரைப்பலகைகளும் இருந்தன. பார்வைக்கு அழகு கூடியது, வீடு கதகதப்பாயிற்று. 2017 சூன் 14-ஆம் நாள் விடியற்பொழுதுக்கு முன், நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் பற்றிய தீ சன்னல் வழியே வெளிப்போர்வையைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. 72 பேர் மாண்டனர். தீ அவ்வளவு விரைவில் பரவியதற்கு முதன்மைக் காரணம் அந்தப் பலகைகளே என்று விசாரணை ஆணையம் 2019-இல் அறிவித்தது. 18 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று இங்கிலாந்து 2018-இன் இறுதியில் தடை விதித்தது.

சுண்ணாம்புப் பூச்சும் சிமெண்டுப் பூச்சும் எரிவதில்லை. இதை ஒரு நன்மையாக எவரேனும் எழுதிவைத்திருந்தார்களா? கல் எரியாது என்பதை யார் எழுதுவார்? எழுதாமல் விட்டது, ஒப்பிடும்போது கண்ணில் படவில்லை. மாற்றுப் பொருளை மதிப்பிடும் கலை முழுவதும் இந்த ஓரிடத்தில் அடங்கியிருக்கிறது.

இந்த உரைகல்லில் இன்றைய மாற்றுகளைச் சிறிது உரசிப் பார்ப்போம். சிப்சம் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பாய் இருக்கும்; நீர் ஊற்றி ஆற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் அளவுக்குச் சிப்சம் கரையும். அறைக்குள் அதனால் தீங்கில்லை. கார்த்திகை மழை அறையும் வெளிச்சுவருக்கு அது ஏற்றதன்று. அனல்மின் நிலையத்துச் சாம்பலை 100க்கு 15 முதல் 35 பங்கு வரை கலந்த சிமெண்டு நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கிறது. கழிவு பயனாகிறது, பூச்சின் நுண்துளைகள் நெருங்குகின்றன. ஆனால் அது மெதுவாக வலுப்பெறும் இயல்பினது. சாதாரணச் சிமெண்டுப் பூச்சுக்கே 7 நாளேனும் ஈரம் காக்க வேண்டும் என்றால், இதற்கு இன்னும் சில நாள் வேண்டும். நீர் ஊற்றச் சோம்புவோர் கையில் நல்ல பொருளும் கெட்ட பெயர் எடுக்கும்.

ஆற்று மணலுக்கு மாற்றாகக் கல்லுடைத்துச் செய்யும் மணல் வந்திருக்கிறது. கழுவிச் சலித்துத் தரம் பிரித்த மணல் வேறு. கல்லுடைக்கும் ஆலையில் எஞ்சும் தூள் வேறு. தூள் மிகுந்தால் கலவை நீரை மிகுதியாகக் குடிக்கும். அந்நீர் உலரும்போது பூச்சு சுருங்கி வலைபோல் வெடிக்கும். கழுவாத கடல் மணலோ உப்பைச் சுவருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்னொரு பொருளைப் பற்றிச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி மிகுதி. களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டு, அரைத்த சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்து, சுட்ட சிமெண்டுக் கட்டியின் பங்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்த புதுச் சிமெண்டு ஒன்றை அறிஞர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு அறிஞர்களோடு சென்னை, தில்லி, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இவ்வாராய்ச்சியில் பங்குகொண்டன. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்குத் தனித் தரம் வகுத்தது. சுட்ட களிமண்ணைச் சுண்ணாம்போடு சேர்ப்பது நமக்குப் புதிதா? செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சுண்ணாம்போடு அரைத்த நம் கொத்தனார்கள் செய்தது அதுவே. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையால் ஆனது. பழைய அறிவு ஆய்வுக்கூடத்தின் வழியாகப் புது வடிவில் திரும்பி வருகிறது. இருப்பினும் இதையும் சோதித்தே ஏற்க வேண்டும். உறவுமுறை கூறி எந்தப் பொருளும் தேர்வு எழுதாமல் தேற முடியாது.

அப்படியானால் தேர்வை எவ்வாறு நடத்துவது? முதலில், பழைய பூச்சு செய்துவரும் வேலைகள் அனைத்தையும் எழுத வேண்டும். மழையைத் தடுப்பது, புகுந்த ஈரத்தை விடுவது, வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவது, உப்பைத் தாங்குவது, தீயில் எரியாதிருப்பது, சுவரை இறுகப் பற்றுவது, உடைந்தால் உள்ளூர்க் கொத்தனார் கையாலேயே பழுதுபார்க்க இடம் தருவது ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். பிறகு, அது பூசப்படும் சுவர் எது என்று கேட்க வேண்டும். செருமனிச் சுவரில் நின்றது அமெரிக்கச் சுவரில் நிற்கவில்லை அன்றோ! வெளிப்பூச்சு அதன் அடியிலுள்ளதைவிட வலிமை மிகுந்ததாக இருக்கலாகாது என்பது அனுபவமுடைய கொத்தனார்களின் விதி. வலிய மேற்பூச்சு சுருங்கும்போது மெலிந்த அடிப்பூச்சைப் பிய்த்துவிடும்.

அடுத்து, ஸ்மீட்டனைப் போலச் சிறு அளவில் செய்து பார்க்க வேண்டும். கட்டடம் முழுவதும் பூசுமுன், மழை நேராக அறையும் பக்கத்தில் ஒரு பாகச் சுவரில் பூசி ஒரு பருவம் காத்திருக்கலாம். நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகைக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்கு, கிழக்குச் சுவர்களே அதற்குரிய தேர்வுக்கூடம். அளவுக் கோடிட்ட சிறு கண்ணாடிக் குழாயைப் பூச்சின்மேல் ஒட்டி நீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று அளக்கலாம். மழைக்குப்பின் எத்தனை நாளில் உலர்கிறது என்று குறித்துவைக்கலாம். தட்டிப் பார்த்துப் பொக்கு ஒலி கேட்கிறதா என்று செவிமடுக்கலாம். கடைசியாக, விலையை மூட்டைக் கணக்கில் பாராமல் ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். பத்தாண்டில் இருமுறை பூசும் மலிவான பூச்சு மலிவானதன்று.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஒப்பந்தம் எடுப்பீர்கள். பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நாள் சொந்த வீடு கட்டுவீர்கள். அப்போது ஒரு புதுப் பொருளின் பெருமைகளை அடுக்கி ஒருவர் உங்கள் முன் நிற்பார். அவரை மறுத்துப் பேச வேண்டா. அவர் சொல்வன எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ‘இதற்கு முன் இருந்தது வேறு என்னென்ன செய்துகொண்டிருந்தது? அவற்றை எல்லாம் இனி எது செய்யும்?’ என்று மட்டும் கேளுங்கள். விடை கிடைத்தால் தயங்காமல் பூசுங்கள். கிடைக்கவில்லையெனில், ஒரு மழைக்காலம் காத்திருங்கள். சுவரே விடை சொல்லும்.